ஒரு நாட்டின் முதல் ரேடியோ தொலைநோக்கி: கேள்வியிலிருந்து தரவு வரை முழுமையான வழிகாட்டி

ரேடியோ தொலைநோக்கி கட்டலாம் என்று முடிவெடுத்த குழு கூடியதும் முதலில் எழும் கேள்வி, "டிஷ் எத்தனை மீட்டர்?" என்பதுதான். அந்தக் கேள்வியை நாலைந்து வாரம் தள்ளிப்போடுங்கள். டிஷ்ஷை விலைக்கு வாங்கிவிடலாம். அதன் குவியத்தில் உட்காரும் ரிசீவரில் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர், மோட்டார் நின்றுபோனால் ஏணி போட்டு ஏறிப் பார்ப்பவர், வந்த தரவில் எது வானம், எது பக்கத்து ஊர் செல்போன் கோபுரம் என்று பிரித்துச் சொல்பவர், இவர்களை எந்த டெண்டரிலும் வாங்க முடியாது. முன்பு ரேடியோ வானியலே இல்லாத நாட்டில் முதல் தொலைநோக்கியின் தலையாய வேலை அந்த ஆட்களை உருவாக்குவது. கீழே வரும் ஒவ்வொரு படியும் அதை மனத்தில் வைத்து எழுதியது. அதனால்தான் 3 மீட்டர் அளவிலான, மாணவர்களே பிரித்து மாட்டக்கூடிய ஒரு கருவியை மையமாக வைத்திருக்கிறேன்.

படி 1: எதைப் பார்க்கப் போகிறீர்கள்?

கருவியைத் தீர்மானிப்பது கேள்வி. முதல் கருவிக்கு என் பரிந்துரை தயக்கமில்லாமல் ஒன்றுதான்: பால்வெளியில் பரவியிருக்கும் நடுநிலை (மின்னூட்டமில்லாத) ஹைட்ரஜன். அது 1420.406 மெகாஹெர்ட்ஸில், அதாவது 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில், ஓயாமல் மெல்லிய ஒலிபரப்பு நடத்திக்கொண்டிருக்கிறது. 1944-இல் டச்சு வானியலாளர் வான் டி ஹல்ஸ்ட் இதைக் கணக்குப் போட்டுச் சொன்னார். 1951 மார்ச்சில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர்கள் யூவனும் பர்செல்லும் ஆய்வகச் சன்னலுக்கு வெளியே நீட்டிய ஒரு கூம்பு ஆன்டெனாவால் பிடித்தார்கள். மழை பெய்தால் அந்தக் கூம்பு வழியாகத் தண்ணீர் ஆய்வகத்துக்குள் கொட்டியது என்பது துணைக்கதை. ஆனால் நீர்க்கசிவு இன்றும் இந்தத் துறையின் தீராத தலைவலி, அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஹைட்ரஜனைத் தேர்ந்தெடுக்கக் காரணங்கள் உண்டு. பகலிலும் தெரியும், மேகம் மூடினாலும் தெரியும். பால்வெளித் தளத்தை நோக்கித் திருப்பினால் சிறிய டிஷ்ஷிலேயே ஒரு நிமிடத்தில் தலைகாட்டும். அது ஒரு நிறமாலைக் கோடு என்பதால், டாப்ளர் விலகலை (மூலம் நகர்வதால் அதிர்வெண் மாறுவதை) வைத்து வாயு நம்மை நோக்கி வருகிறதா, விலகுகிறதா, என்ன வேகம் என்று அளக்கலாம். 1400 முதல் 1427 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் யாரும் ஒலிபரப்பக் கூடாது என்று பன்னாட்டு விதியே இருக்கிறது.

மற்ற வழிகளும் இருக்கின்றன. சூரிய வெடிப்புகளைப் பார்க்க வேண்டுமென்றால், 45 முதல் 870 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும் காலிஸ்டோ என்ற எளிய நிறமாலைமானி உலகின் பல நாடுகளில் ஓடுகிறது. அதன் தரவு ஒரே வலையமைப்பில் சேர்வதால், சேர்ந்த நாளிலிருந்தே உங்கள் நிலையத்தின் தரவு மற்றவர்களுக்கும் பயன்படும். 20 மெகாஹெர்ட்ஸ் அருகே இரண்டு கம்பி ஆன்டெனாக்கள் கட்டி வியாழனின் வெடிப்புகளைக் கேட்பதும் பள்ளிகளுக்கு ஏற்றது. பல்சார் (சுழன்றபடி துடிப்புகள் அனுப்பும் விண்மீன் எச்சம்), மேசர் (மைக்ரோவேவை இயற்கையாகவே பெருக்கும் வாயுமேகம்) என்று ஆசைப்படுபவர்கள் பெரிய டிஷ் வரும்வரை பொறுக்க வேண்டும்.

எது எட்டும், எது எட்டாது என்பதைக் காகிதத்திலேயே பார்த்துவிடலாம். 3 மீட்டர் டிஷ்ஷின் பரப்பு சுமார் 7 சதுர மீட்டர். அதில் பாதிக்குச் சற்று மேல்தான் பயனுள்ள பரப்பு. ரேடியோ வானியலில் இரைச்சலின் அளவை வெப்பநிலையாக, கெல்வினில் சொல்வார்கள்; வானத்து மூலத்தின் வலிமைக்கு அலகு ஜான்ஸ்கி. இந்த அளவுக்கு, ரிசீவரில் 1 கெல்வின் உயர்வைக் கொண்டுவர வானத்து மூலம் ஏறக்குறைய 700 ஜான்ஸ்கி வலிமையோடு இருக்க வேண்டும். அமைதியான சூரியன் இந்த அதிர்வெண்ணில் சுமார் 5 லட்சம் ஜான்ஸ்கி. ஆகவே 700 கெல்வின் எகிறும், கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கலாம். வடவானின் மிகப் பிரகாசமான மூலங்களில் ஒன்றான, வெடித்த விண்மீனின் எச்சமான காசியோப்பியா ஏ 1,500 ஜான்ஸ்கிக்கு மேல். ஆனாலும் கிடைப்பது இரண்டு கெல்வின் சொச்சம். உங்கள் கருவியின் சொந்த இரைச்சல் 150 கெல்வின், பெருக்கியின் பலம் வெயிலில் ஒரு சதவீதம் ஆடுகிறது என்று வையுங்கள். அந்த ஆட்டமே ஒன்றரை கெல்வின். காசியோப்பியா வந்ததா, மேகம் விலகி வெயில் அடித்ததா என்று சொல்ல முடியாது. ஹைட்ரஜன் கோட்டுக்கு இந்தச் சிக்கல் குறைவு. அது குறுகிய அலைப்பட்டையில் மேடாக எழும்புவதால் இருபுறத்து அடித்தளத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

படி 2: புதிதாகக் கட்டுவதா, பழையதை மாற்றுவதா?

பல நாடுகளில் 25 மீட்டர், 32 மீட்டர் செயற்கைக்கோள் தொடர்பு டிஷ்கள் சும்மா நிற்கின்றன. கடலடி ஒளியிழைக் கேபிள்கள் வந்தபின் அவற்றுக்கு வேலை போய்விட்டது. கானாவின் குன்ட்டுன்சேயில் இருந்த 32 மீட்டர் டிஷ் இப்படித்தான் தொலைநோக்கியாக மாறி 2017-இல் மெத்தனால் மேசர்களையும் பல்சாரையும் பிடித்தது. நியூசிலாந்தின் வார்க்வொர்த்தில் 30 மீட்டர் டிஷ்ஷும், லாட்வியாவின் இர்பெனேயில் சோவியத் ராணுவம் விட்டுப்போன 32 மீட்டர் டிஷ்ஷும் இதே வழியில் மறுபிறவி எடுத்தவை.

கேட்கக் கவர்ச்சியாக இருக்கும். கையெழுத்துப் போடும் முன் மூன்றைப் பாருங்கள். பற்சக்கரங்களும் பேரிங்குகளும் துருவின்றிச் சுழல்கின்றனவா? மோட்டார்கள் வானத்தைப் பின்தொடரும் வேகத்தில் சீராக ஓடுமா? புவிநிலைச் செயற்கைக்கோளை நோக்கிப் பல்லாண்டு அசையாமல் நின்ற டிஷ்ஷின் பற்சக்கரம் ஒரே இடத்தில் தேய்ந்திருக்கும். மூன்றாவது, நிலம் யார் பெயரில் இருக்கிறது, மின்கட்டணம் யார் கட்டுவார்கள்? பெரும்பாலான மாற்றத் திட்டங்கள் இந்தக் கடைசிக் கேள்வியில்தான் ஆண்டுக்கணக்கில் தேங்குகின்றன.

டிஷ்ஷே வேண்டாம் என்ற வழியும் உண்டு. மொரீஷியஸ் தன் முதல் ரேடியோ தொலைநோக்கியை 1990-களின் தொடக்கத்தில் 151.5 மெகாஹெர்ட்ஸில் அமைத்தது. கிழக்கு-மேற்காக 2 கிலோமீட்டருக்கு 1,024 சுருள் ஆன்டெனாக்கள், வடக்கு-தெற்காகத் தண்டவாளத்தில் நகரும் சில தள்ளுவண்டிகள். இந்திய ஆய்வு நிறுவனங்களோடு சேர்ந்து செய்த வேலை. இந்திய வானியலாளர் கோவிந்த் சொரூப்பின் குழு 1970-இல் முடித்த ஊட்டி தொலைநோக்கி இன்னொரு பாடம். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம் உள்ள உருளைப் பரவளையத்தை, அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமமான சரிவுள்ள மலைச்சாய்வில் வடக்கு-தெற்காகக் கிடத்தினார்கள். அதனால் நீண்ட அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் சுழற்றினால் ஒரு மூலத்தை ஒன்பதரை மணி நேரம் பின்தொடரலாம். விலையுயர்ந்த இயந்திரத்தின் வேலையை மலையைச் செய்ய வைத்திருக்கிறார்கள்.

என் கருத்து: பெரிய டிஷ் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தாலும், அதற்கான பேச்சுவார்த்தை நடக்கும் காலத்தில் 3 மீட்டர் கருவியைக் கட்டி முடித்துவிடுங்கள். பெரியது கையில் வரும்போது ஆட்கள் தயாராக இருப்பார்கள்.

படி 3: இடம்

இடத்தேர்வு என்பது நிலம் பார்ப்பது மட்டும் ஆகாது, காது கொடுத்துக் கேட்பதும் சேர்ந்ததுதான். ஒரு அகலப்பட்டை ஆன்டெனா, குறை-இரைச்சல் பெருக்கி, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலிமை என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் அல்லது எஸ்.டி.ஆர். (மென்பொருள் வழி இயங்கும்) ரிசீவர், மடிக்கணினி ஆகியவற்றை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு இடத்திலும் குறைந்தது ஒரு முழு நாள், நான்கு திசையிலும் அளவெடுங்கள். பகலில் ஒரு முறை போய்விட்டு வந்தால் போதாது. இரவில் எல்.இ.டி. விளக்குகள் எரியும், வார இறுதியில் வேறு இயந்திரங்கள் ஓடும்.

பெரும் தொல்லை பெரும்பாலும் 1420-இலேயே இருக்காது. 700 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரை, பிறகு 1800 சுற்றி, செல்போன் கோபுரங்கள் கொட்டும் வலிமை முதல் பெருக்கியைத் திணறடித்துவிடும். திணறிய பெருக்கி இல்லாத கோடுகளையெல்லாம் தானே உற்பத்தி செய்யும். மேலே 1575 மெகாஹெர்ட்ஸில் ஜி.பி.எஸ்., 1616-இலிருந்து இரிடியம் என்று செயற்கைக்கோள்கள். இவற்றுக்கு மலையும் மறைப்பில்லை. தரைவழித் தொல்லைகளுக்கோ நல்ல மறைப்பு ஒரு பள்ளத்தாக்கு. சுற்றிலும் 10 டிகிரி உயரத்துக்குக் குன்று இருந்தால் வானத்தில் இழப்பது கொஞ்சம், தொல்லையில் தப்பிப்பது நிறைய.

எதிரி வீட்டுக்குள்ளும் இருப்பான். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் ஆண்டுக்கணக்கில் விசித்திரமான குறுந்துடிப்புகள் பதிவாகி வந்தன. 2015-இல் காரணம் பிடிபட்டது: யாரோ மைக்ரோவேவ் அடுப்பின் கதவை, அது ஓடி முடிக்கும் முன்பே திறந்திருக்கிறார்கள். உங்கள் விஷயத்தில் அது சூரிய மின்தகட்டின் இன்வெர்ட்டராகவோ மலிவான மடிக்கணினி சார்ஜராகவோ இருக்கும். கணினிகளை உலோகப் பெட்டிக்குள் வையுங்கள். டிஷ்ஷுக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் நடுவே ஒளியிழை இழுங்கள். அது இரைச்சலையும் கடத்தாது, இடியையும் கடத்தாது.

இத்தனையும் சொல்லிவிட்டு எதிர்மாறாக ஒன்று: 3 மீட்டர் ஹைட்ரஜன் கருவிக்கு உலகின் மிக அமைதியான பள்ளத்தாக்கு தேவையில்லை. பல்கலைக்கழக வளாகத்தின் ஓரமே போதும். ஏழு மணி நேரப் பயணத்தில் இருக்கும் அருமையான இடத்தைவிட, வகுப்பு முடிந்து மாணவர் நடந்து போகக்கூடிய சுமாரான இடம் மேல்.

படி 4: அலைவரிசை அலுவலகம்

இதைக் கடைசிக்கு விடாதீர்கள். தொலைநோக்கி எதையும் ஒலிபரப்புவதில்லை, ஆகவே உரிமம் தேவைப்படாமல் போகலாம். ஆனால் உங்கள் நிலையம் பதிவேட்டில் இல்லையென்றால், நாளை பக்கத்தில் கோபுரம் எழும்பும்போது தடுக்க உங்களிடம் காகிதம் இருக்காது. நாட்டின் அலைவரிசை ஒழுங்காற்று அமைப்பிடம் ரேடியோ வானியல் நிலையமாகப் பதிவு செய்யுங்கள். அது வழியாகப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பதிவுக்கும் கோருங்கள். எவ்வளவு தொல்லை தாங்கலாம் என்ற வரம்புகளுக்கு அந்த ஒன்றியத்தின் ஆர்.ஏ.769 பரிந்துரை இருக்கிறது. மனுவோடு உங்கள் இட அளவீட்டையும் இணைத்தால் பேச்சு எளிதாகும். அமெரிக்கா 1958-இல் தன் ரேடியோ ஆய்வகம் உள்ள கிரீன் பேங்கைச் சுற்றி அமைதி வலயம் அறிவித்தது. தென்னாப்பிரிக்கா 2007-இல் வானியலைக் காக்கத் தனிச்சட்டமே இயற்றியது. முதல் நாளே அவ்வளவு கேட்க வேண்டாம். ஆனால் கதவைத் தட்டி, உங்கள் முகத்தைத் தெரியப்படுத்திவிடுங்கள்.

படி 5: டிஷ்ஷும் தாங்கியும்

பரவளையம் எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும்? அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்கு என்பது வழக்கமான அளவுகோல். 21 சென்டிமீட்டருக்கு அது ஒரு சென்டிமீட்டர். கையால் வளைத்த அலுமினியக் குழாய் விலாக்களும் கம்பி வலையும் இந்தத் துல்லியத்தைத் தொட்டுவிடும். வலையின் ஓட்டை 2 சென்டிமீட்டருக்கு மிகாமல் இருக்கட்டும். இன்னும் சிறியதாக இருந்தால் தரையின் வெப்ப இரைச்சல் கசிவது குறையும், காற்றுச்சுமை கூடும். பழைய சி-பேண்ட் தொலைக்காட்சி டிஷ் கிடைத்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

குவியத்தைக் கண்டுபிடிக்க ஒரு நேரான கம்பும் அளவுநாடாவும் போதும். விட்டத்தின் வர்க்கத்தை, 16 பெருக்கல் ஆழத்தால் வகுக்க வேண்டும். 3 மீட்டர் டிஷ்ஷின் நடு ஆழம் 45 சென்டிமீட்டர் என்றால், 9-ஐ 7.2-ஆல் வகுத்து 1.25 மீட்டர்.

காற்றை மதியுங்கள். மூடிய 3 மீட்டர் டிஷ்ஷின் முகத்தில் மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று மோதினால் தள்ளுவிசை அரை டன்னை நெருங்கும். வேகம் பாதியானால் விசை கால்வாசி. எனவே காற்று வலுக்கும்போது டிஷ் தானாகவே வானைப் பார்த்து மல்லாந்துவிடும்படி கட்டுப்பாடு வைக்க வேண்டும். மின்சாரம் போனாலும் கையால் திருப்ப ஒரு வழி வேண்டும்.

இரண்டு அச்சிலும் மோட்டார் வைத்து வானத்தைப் பின்தொடர வேண்டும் என்று எல்லோரும் ஆசைப்படுவார்கள். முதல் ஆண்டுக்கு அது வேண்டாம். டிஷ்ஷை வடக்கு-தெற்குக் கோட்டில் நிறுத்தி, ஏற்றக்கோணம் மட்டும் மாற்றும்படி கட்டுங்கள். பூமி மணிக்கு 15 டிகிரி சுழன்று வானத்தை உங்கள் முன்னால் இழுத்துக்கொண்டு போகும். இந்த டிஷ்ஷின் பார்வைக் கற்றை 5 டிகிரி அகலம் என்பதால், வானநடுக்கோட்டில் உள்ள ஒரு மூலம் 20 நிமிடத்தில் கடந்துவிடும். ஒரு நாள் விட்டால் வானத்தின் ஒரு பட்டை முழுவதும் பதிவாகிவிடும். மறுநாள் சில டிகிரி நகர்த்துங்கள். ஒரு மாதத்துக்குள் உங்களுக்குத் தெரியும் வானம் முழுவதன் ஹைட்ரஜன் வரைபடம் கையில் இருக்கும். மோட்டார் பழுது என்ற சொல்லே இந்தக் காலத்தில் காதில் விழாது.

படி 6: ஃபீட், முதல் பெருக்கி

தொலைநோக்கியின் தரம் முடிவாவது இந்த அரை மீட்டருக்குள். இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபீட் என்பது குவியத்தில் டிஷ்ஷை நோக்கி வாய் திறந்திருக்கும் உலோக உருளை. ஒரு பக்கம் மூடி, மறுபக்கம் திறப்பு. உள்விட்டம் 15 சென்டிமீட்டர் எடுத்தால், 1172 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் அதனுள் பரவாது. ஆகவே கீழ்ப்பட்டைச் செல்போன் கோபுரங்களை உருளையே ஓரளவு வடிகட்டிவிடுகிறது. தேவையற்ற அடுத்த அலைமுறை (அலை குழாய்க்குள் பரவும் இன்னொரு வடிவம்) 1531-இல்தான் தொடங்கும். 1420 இரண்டுக்கும் நடுவில் சுகமாக உட்கார்ந்திருக்கிறது. குழாயை 2 சென்டிமீட்டர் பெரிதாக எடுத்துவிட்டால் இந்த வசதி போய்விடும். அகன்ற குழாயில் அந்த இரண்டாம் அலைமுறையின் எல்லையும் 1420-க்குக் கீழே இறங்கிவிடுவதால்.

உள்ளே அலை பிடிக்கும் முனை ஒரு செம்புக் கம்பி. நீளம் அலைநீளத்தில் கால்வாசி, அதாவது சுமார் 5.3 சென்டிமீட்டர். அதைவிட ஓரிரு மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டி, முனை எந்த அதிர்வெண்ணுக்கு இசைகிறது என்று காட்டும் நெட்வொர்க் அனலைசரைப் பார்த்தபடி அரம்போட்டுக் குறைக்க வேண்டும். மூடிய சுவரிலிருந்து முனைக்குள்ள தூரத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். அங்கேயும் திறந்தவெளி அலைநீளத்தின் கால்வாசியான 5.3-ஐ வைத்துவிடுவார்கள். குழாய்க்குள் அலைநீளம் நீண்டுவிடுகிறது. 15 சென்டிமீட்டர் குழாயில் அது 37 சென்டிமீட்டருக்கு மேல். கால்வாசி என்றால் 9.3 சென்டிமீட்டர். இந்த ஒரு கணக்கை மாணவர்களே போட்டு, வெட்டி, அளந்து பார்த்தால் அலைவழி பற்றிய பாதிப் பாடம் முடிந்துவிடும்.

அடுத்தது குறை-இரைச்சல் பெருக்கி. அரை டெசிபல் இரைச்சல் எண் கொண்ட ஒன்று சுமார் 35 கெல்வின் சேர்க்கும். அது தாங்கக்கூடியது. ஆனால் முனைக்கும் பெருக்கிக்கும் நடுவே 1 டெசிபல் இழப்புள்ள கேபிளை விட்டுவிட்டால், அந்தக் கேபிள் மட்டுமே 75 கெல்வின் சேர்த்து, பெருக்கியின் இரைச்சலையும் கால் பங்கு கூட்டிவிடும். பெருக்கி கீழே அறையில் பத்திரமாக இருக்கட்டும் என்று நினைப்பவர்கள் தொலைநோக்கியை அங்கேயே பாதி கொன்றுவிடுகிறார்கள். பெருக்கி முனையின் காலடியிலேயே, முடிந்தால் கேபிளே இல்லாமல் இணைப்பியோடு இணைப்பியாக இருக்க வேண்டும். மின்சாரம் அதே கோஆக்சியல் கேபிள் வழியாக மேலே போகட்டும். முதல் பெருக்கிக்குப் பிறகு 1420-ஐ மையமாகக் கொண்ட வடிகட்டி, பிறகு இரண்டாம் பெருக்கி. தொல்லை மிக வலுவான இடத்தில் மட்டும் வடிகட்டியை முன்னால் கொண்டுவாருங்கள். அதன் இழப்பைத் தண்டமாகக் கட்டுகிறோம் என்று தெரிந்தே செய்யுங்கள்.

இனி நீர். ஒவ்வொரு இணைப்பியையும் தானாகவே ஒட்டிப் பிணையும் ரப்பர் டேப்பால் சுற்றி, கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் வளைவு விடுங்கள். வழிந்து வரும் நீர் அங்கே சொட்டிவிடும். பெட்டியின் அடியில் ஊசித்துளை ஒன்றும் போடுங்கள். முழுக்க அடைத்த பெட்டிக்குள் இரவில் பனித்துக் கோத்த நீர் வெளியே போக வழியிருக்காது. உருளையின் வாயை மெல்லிய தெர்மகோல் தகட்டால் மூடலாம். ரேடியோ அலைக்கு அது கண்ணாடி மாதிரி.

படி 7: ரிசீவரும் மென்பொருளும்

முப்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் அலமாரி நிறைய இருந்த வேலையை இன்று உள்ளங்கையளவு எஸ்.டி.ஆர். செய்கிறது. மலிவான 8 பிட் வகை 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைப் பதியும். ஹைட்ரஜன் கோட்டில் வினாடிக்கு 1 கிலோமீட்டர் வேகம் 4.74 கிலோஹெர்ட்ஸ் விலகலாகத் தெரியும் என்பதால், அது வினாடிக்கு 500 கிலோமீட்டர் வேக வீச்சு. பால்வெளியின் பெரும்பகுதிக்குப் போதும். தொல்லை மிகுந்த இடமென்றால் 12 பிட் வகைக்குப் போங்கள்.

மலிவான ரிசீவரின் கடிகாரம் வெப்பத்தில் நகரும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலே 1.4 கிலோஹெர்ட்ஸ் பிழை, அதாவது வினாடிக்கு 300 மீட்டர். வெப்பம் ஈடுசெய்யும் அலையியற்றி உள்ளதாக வாங்குங்கள். பிறகு ஜி.பி.எஸ். வழி திருத்தும் 10 மெகாஹெர்ட்ஸ் மூலத்துக்கு மாறலாம்.

மென்பொருளுக்கு குனு ரேடியோ என்ற இலவச மென்பொருளும் பைத்தான் நிரல்மொழியும் போதும். சமிக்ஞையை அதிர்வெண்வாரியாக 1,024 பிரிவுகளாகப் பிரிக்கும் ஃபூரியர் மாற்றம், வர்க்கம், கூட்டல். கச்சா மாதிரிகளை அப்படியே சேமித்தால் ஒரு நாளைக்கு 400 ஜிகாபைட்டைத் தாண்டும். வினாடிக்கு ஒரு சராசரி நிறமாலை மட்டும் வைத்தால் 350 மெகாபைட் அளவில் அடங்கும். ஒவ்வொரு கோப்பிலும் உலகப் பொது நேரம், டிஷ் நோக்கிய திசை, பெருக்க அளவு, வெளிவெப்பநிலை நான்கும் எழுதப்பட்டிருக்க வேண்டும். திசை எழுதாத தரவு குப்பைக்குச் சமம்.

படி 8: அளவுத்திருத்தம்

கோடு தெரிந்ததும் கைதட்டிவிட்டு நிறுத்திவிடும் குழுக்கள் அதிகம். காட்சிப்பொருளாக வைத்துக்கொள்ள அது போதும், ஆய்வுக்குப் போதாது. கருவி தரும் எண்ணைக் கெல்வினாக மாற்றினால்தான் அடுத்தவர் தரவோடு ஒப்பிடலாம்.

முறை எளிது. டிஷ்ஷைக் குளிர்ந்த வானத்தை நோக்கித் திருப்பித் திறனைக் குறியுங்கள். அது தரைக்கசிவும் சேர்த்து 10 கெல்வின் அளவு என்று கொள்ளலாம். பிறகு ஃபீடின் வாயை ரேடியோ அலை உறிஞ்சும் நுரைத்தகட்டால் மூடுங்கள். இது அறைவெப்பம், 290 கெல்வின். இரண்டாவது முதலாவதைப்போல் மூன்று மடங்கு வந்தால் ரிசீவரின் இரைச்சல் 130 கெல்வின். ஐந்து மடங்கு வந்தால் 60. இந்த எண்ணைத் தினமும் சுவரில் ஒட்டிய தாளில் எழுதி வாருங்கள். திடீரென்று 130 என்பது 190 ஆனால், இணைப்பிக்குள் நீர் போயிருக்கிறது. தரவைப் பார்த்துக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகும் பழுதை இந்தத் தாள் அன்றே சொல்லிவிடும்.

அடுத்து சூரியன். அதன் பாதையில் சற்று முன்னால் டிஷ்ஷை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். திறன் மணிவடிவில் ஏறி இறங்கும். உச்சம் வந்த நேரத்துக்கும் கணித்த நேரத்துக்கும் உள்ள வேறுபாடு உங்கள் திசைப் பிழை. பாதி உயரத்தில் அகலம், கற்றையின் அகலம். அது 5 டிகிரிக்குப் பதிலாக 7 வந்தால் ஃபீட் குவியத்தில் இல்லை. ஃபீடை ஒரு சென்டிமீட்டர் முன்னும் பின்னும் நகர்த்தி மறுபடி பாருங்கள்.

கடைசியாக ஹைட்ரஜனுக்கென்றே துறையில் ஒப்புக்கொண்ட அளவுகோல் திசைகள் உண்டு. எஸ்7 என்பது பால்வெளி நெடுக்கை 132, அகலாங்கு கழித்தல் 1 டிகிரி (பால்வெளித் தளத்தை அடிப்படையாக வைத்து வானத்தில் திசை சொல்லும் எண்கள்). எஸ்8 என்பது 207, கழித்தல் 15. உங்களுக்கு உதிக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வானம் முழுவதன் ஹைட்ரஜனை அளந்த லைடன்-அர்ஜென்டினா-பான் அளவாய்வின் திறந்த தரவோடு ஒப்பிடுங்கள். அந்தத் தரவை உங்கள் கற்றையின் அகலத்துக்கு மழுக்கிய பிறகே ஒப்பிட வேண்டும்.

எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. மொத்த இரைச்சலை, பட்டை அகலமும் நேரமும் பெருக்கிய எண்ணின் வர்க்கமூலத்தால் வகுக்கவும். 150 கெல்வின் இரைச்சல், 5 கிலோஹெர்ட்ஸ் அகலம், 60 வினாடி என்றால் 0.27 கெல்வின். பால்வெளித் தளத்தின் ஹைட்ரஜன் பல பத்துக் கெல்வின் உயரம் எழும்புவதால் ஒரு நிமிடமே ஏராளம்.

படி 9: முதல் ஆய்வு

பால்வெளியின் சுழற்சி வளைவரை (மையத்திலிருந்து தூரத்துக்கேற்பச் சுற்று வேகம் எப்படி மாறுகிறது என்ற வரைபடம்), மாணவர் ஒருவர் ஒரு பருவத்தில் முடிக்கக்கூடிய அசல் அளவீடு. பால்வெளித் தளத்தில் நெடுக்கை 20-இலிருந்து 80 டிகிரி வரை 5 டிகிரிக்கு ஒன்றாக நிறமாலை எடுங்கள். தென்கோளத்தில் இருப்பவர்கள் 280 முதல் 340 வரை எடுக்கலாம். ஒவ்வொன்றையும் வெற்று வானத்தின் நிறமாலையால் வகுத்தால் வடிகட்டியின் வளைவு நீங்கித் தட்டையான அடித்தளம் கிடைக்கும்.

அதிர்வெண்ணை வேகமாக மாற்றியதும் பூமியின் ஓட்டத்தைக் கழிக்க மறக்காதீர்கள். பூமி சூரியனைச் சுற்றுவது வினாடிக்கு 30 கிலோமீட்டர், சூரியன் அண்டை விண்மீன்களுக்கிடையே நகர்வது சுமார் 20 கிலோமீட்டர். இதை விட்டுவிட்டால் ஜனவரியில் எடுத்ததும் ஜூலையில் எடுத்ததும் ஒத்துப்போகாது. ஆஸ்ட்ரோபை என்ற பைத்தான் நூலகத்தில் இதற்கான கருவிகள் தயாராக இருக்கின்றன. 20 முதல் 80 வரையிலான திசைகளில், நிறமாலையில் நம்மைவிட்டு மிக வேகமாக விலகும் ஓரம், நம் பார்வைக்கோடு பால்வெளி மையத்துக்கு மிக அருகில் வரும் இடத்தைக் குறிக்கும். அந்த வேகத்தோடு, சூரியனின் சுற்று வேகத்தை நெடுக்கையின் சைனால் பெருக்கிக் கூட்டினால் அங்குள்ள சுழற்சி வேகம் வரும். தென்பகுதியில் நம்மை நோக்கி மிக வேகமாக வரும் ஓரத்தை, குறியை மாற்றி எடுத்துக்கொள்ள வேண்டும். மையத்திலிருந்து தூரம் மாற மாற வேகம் கிட்டத்தட்ட மாறாமல் நிற்பது வரைபடத்தில் தெரியும். கண்ணுக்குத் தெரியும் நிறை மட்டும் இருந்தால் வெளியே போகப்போக அது சரிய வேண்டும். இருண்ட பொருள் பற்றிய விவாதத்தை, தாமே வரைந்த புள்ளிகளை வைத்து மாணவர்கள் தொடங்கலாம்.

படி 10: ஆட்களும் ஆண்டுச்செலவும்

கட்டுமானத்துக்குப் பணம் தருபவர்கள் கிடைப்பார்கள். ரிப்பன் வெட்டும் படம் இருக்கிறதே. இரண்டாம் ஆண்டின் பேரிங்குக்கும் மின்கட்டணத்துக்கும் யாரும் வரமாட்டார்கள். கட்டுமானச் செலவில் பத்தில் ஒரு பங்கையாவது ஆண்டுதோறும் இயக்கத்துக்கு என்று தொடக்க ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். முழுநேரத் தொழில்நுட்பர் ஒருவர் கட்டாயம். கௌரவப் பொறுப்பாகப் பேராசிரியர் ஒருவரிடம் விட்ட தொலைநோக்கிகள் அவர் ஓய்வுபெற்றதும் கூடுகட்டப் பறவைகளுக்குப் போய்விடுகின்றன.

பெருக்கி, ரிசீவர், முனை மூன்றுக்கும் மாற்று ஒன்று அலமாரியில் இருக்கட்டும். இறக்குமதி வரிக்கும் சுங்கத்துக்கும் ஆகும் காலத்தில் ஒரு கல்வியாண்டே போய்விடலாம். செய்முறைக் குறிப்புகளை மாணவர்கள் வீட்டில் பேசும் மொழியிலேயே எழுதுங்கள். தரவைத் திறந்து வையுங்கள். தொலைவில் உள்ள பள்ளிகள் இணையம் வழி டிஷ்ஷைத் திருப்ப விடலாம். சுவீடனின் ஒன்சாலா ஆய்வகம் 2.3 மீட்டர் டிஷ்களை இப்படித்தான் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் காற்றுப் பாதுகாப்பு தானாக இயங்குகிறது என்று உறுதியான பிறகே.

படி 11: இரண்டாவது டிஷ்

கையில் பணம் மிஞ்சினால் முதல் டிஷ்ஷைப் பெரிதாக்க வேண்டாம். அதேபோல் இன்னொன்றை, கிழக்கு-மேற்காக 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். இரண்டின் சமிக்ஞையையும் பெருக்கிக் கூட்டினால் சூரியன் கடக்கும்போது திறன் அலை அலையாக ஏறி இறங்கும். அலைகளுக்கு இடையே 1.2 டிகிரி. டிஷ்களை மெல்ல விலக்கிக்கொண்டே போங்கள். அலையின் வீச்சு குறைந்துகொண்டே வந்து, சுமார் 28 மீட்டரில் ஏறக்குறைய மறையும். சூரியனின் அரை டிகிரி அகலத்தை நீங்கள் அளந்துவிட்டீர்கள். சூரியப்புள்ளிகள் நிறைந்த காலத்தில் அந்த மறைவு சுத்தமாக இருக்காது, அதையும் பதிவு செய்யுங்கள்.

இதற்கு இரண்டு ரிசீவர்களும் ஒரே கடிகாரத்தில் ஓட வேண்டும், இரண்டு கேபிள்களும் ஒரே நீளத்தில், ஒரே வகையில், ஒரே வெயிலில் கிடக்க வேண்டும். பிற நாட்டுத் தொலைநோக்கிகளோடு சேர்ந்து பார்க்கும் நாள் வரும்போது கடிகாரத்தின் இடத்துக்கு ஹைட்ரஜன் மேசர் என்ற மிகத் துல்லியமான அணுக்கடிகாரம் வரும். கேபிளின் இடத்துக்கு, துல்லியமாக நேரமிட்டுப் பதிந்த தரவு வரும். கணக்கு அப்போதும் இதேதான்.